பாதி வாளி

திங்கட்கிழமை காலை என்றால் எங்களுக்குக் கையெழுத்து. தென்கரைக் காவல் நிலையத்தின் பின்கட்டில், வெயில் ஏறுமுன்னே வரிசை நின்றுவிடும். இடப்பக்கம் குற்றக்கதை எழுதும் நாங்கள், குற்றப் புனைவர்கள். வலப்பக்கம் ஜாமீனில் வந்த நிஜக் குற்றவாளிகள். அவர்களுக்கு பெஞ்சு உண்டு, எங்களுக்குக் கிடையாது. ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு ஏட்டு சொன்னார்: "அவனுவ ஒரு தடவ செஞ்சவனுவ. நீங்க மாசா மாசம் செய்யிற ஆளுவல்லா!"

கடல் ஊருக்குள் ஏறி வந்தபோது தூத்துக்குடியின் பழைய காவல் நிலையம் தண்ணீருக்குள் போய்விட்டது. இது முன்பு உப்புக் கிட்டங்கியாக இருந்த கட்டடம். சுவரைத் தொட்டு நாக்கில் வைத்தால் இன்னும் கரிக்கும். கையெழுத்துப் போடக் காத்திருக்கும் நேரத்தில் செய்வதற்கு வேறு வேலை இல்லாததால் எனக்கு இது தெரியும்.

என் பெயர் இசக்கியப்பன். புத்தக அட்டையில் ரவிதேவ் என்றிருக்கும். இசக்கியப்பன் என்கிறவன் எழுதினால் கொலையை யாரும் நம்ப மாட்டார்கள், ஆடு வெட்டிய கதை என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார் என் முதல் பதிப்பாளர். முப்பது ஆண்டுகளாகக் கொலை எழுதுகிறேன். நிஜத்தில் வீட்டில் வரும் கரப்பான் பூச்சியை அடிப்பதற்குக்கூட என் மனைவிதான் செருப்பை எடுப்பாள். அவள் போன பிறகு கரப்பான்களும் நானும் ஒரு வீட்டில் இருக்கிறோம்.

எனக்கு முன்னால் நிற்பவர் கோமதிநாயகம். ஒரு காலத்தில் பெரிய கொலைகாரர், அதாவது எழுத்தில். வம்பே வேண்டாம் என்று கொலையை விட்டுவிட்டுத் தேங்காய்த் திருட்டு எழுதப் போனார். கொலை எப்போதாவது நடக்கும், தேங்காய் தினமும் களவு போகும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு தேங்காய்க்கும் அவருக்கு அழைப்பாணை வந்தது. எழுதுவதை நிறுத்தியே வருடங்களாகிவிட்டன, ஆனாலும் திங்கட்கிழமை தவறுவதில்லை. எழுதியது எழுதியதுதானே.

இதற்கெல்லாம் காரணம் ஒப்பாய்வி. நாட்டில் பதிவாகும் ஒவ்வொரு களவையும் சாவையும் இதுவரை வெளிவந்த அத்தனை கதைகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறி அது. நாங்கள் அதை மாமியார் என்போம். நாம் எதைச் செய்தாலும் 'இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே' என்று ஆரம்பிப்பது மாமியார்தானே. போலீஸ்காரர்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

அன்று நான் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது இன்ஸ்பெக்டர் சேர்மக்கனி வாசலில் நின்றார். கல்லூரிக் காலத்தில் என் புத்தகங்களை விடாமல் படித்தவர் என்று சொல்லுவார்கள். வேலையில் சேர்ந்தபின் படிப்பதில்லை. போலீஸ் வேலைக்கு வாசிப்புத் தடம் சுத்தமாக இருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, நீங்க மட்டும் கொஞ்சம் உள்ள வாங்க."

"என்னம்மா?"

"மாமியா கூப்பிட்டிருக்கா."

கோமதிநாயகம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த வரிசையில் நிற்பவர்களுக்கு இது வழக்கம்.

உள்ளே திரையில் ஒரு வீட்டின் படம் இருந்தது. சங்குகுளித் தெரு. இறந்தவர் சவரிமுத்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், படுத்த படுக்கையாக இருந்தவர். போன வாரம் ஒரு நாள் உச்சிநேரத்தில், குளிரறையில், வெப்பம் தாங்காமல் இறந்திருக்கிறார். வீட்டில் கூட இருந்தவர் மருமகள் பிலோமினா. மகன் கப்பலில். அதற்குக் கீழே: ஒப்புமை, 'குளிரறையில் ஒருவர்', ஆசிரியர் ரவிதேவ், தொண்ணூற்றிரண்டு விழுக்காடு.

குளிரறை இல்லாத வீடு இப்போது கிடையாது. காலை பத்து மணியிலிருந்து நாலு மணி வரை தெருவில் நாய்கூட நிற்காது. எல்லோரும் குளிரறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்வோம். குளிர்க் கழகம் குழாய் வழியே குளிர்காற்று அனுப்பும், நாம் அதற்குள் கிடப்போம். என் நாவலில் ஒரு மருமகள் வெளியே இருக்கும் அந்தக் குழாயின் திருகை உச்சிநேரத்தில் அடைத்துவிட்டு, சாயங்காலம் திறந்துவிடுவாள். கிழவர் செத்துக் கிடப்பார். வயசான உடம்பு, தாங்கவில்லை என்று ஊரே சொல்லும். எழுதும்போது எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

"இது வெறும் வெயில் சாவும்மா," என்றேன். "அன்னிக்குக் குளிர் நின்னிருக்கும்."

"நின்னுச்சு. எங்க வீட்டுலயும் நின்னுச்சு. எங்கம்மாவ நனைச்ச சாக்குல சுத்தி வச்சித்தான் பொழைக்க வச்சேன்."

"பொறவு என்ன?"

"கழகத்துக்கு எழுதிக் கேட்டேன். நிக்கவே இல்லைன்னு பதில் வந்திருக்கு."

தடையில்லாக் குளிர் என்று அரசிதழில் போட்டாகிவிட்டது. போட்ட நாளிலிருந்து தடை என்ற ஒன்றைப் பதிவதற்குக் கழகத்தில் இடமே இல்லை. நடக்காத ஒன்று நடந்ததாக யார் எழுதிக் கொடுப்பார்கள்? கதை எழுதுகிறவன்தான் அப்படிச் செய்வான், அவனைத்தான் திங்கட்கிழமை தோறும் நிற்க வைத்திருக்கிறார்களே.

சேர்மக்கனி திரையில் ஒரு பொத்தானைக் காட்டினார். 'இயற்கை மரணம்' என்று எழுதியிருந்தது. எழுத்து மங்கிக் கிடந்தது. அவர் விரலால் இரண்டு முறை அழுத்திக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

"எம்பதத் தாண்டிட்டா இது செத்துரும் அண்ணாச்சி. பொறவு ரெண்டுதான் இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். நன்றாகத் தெரியும். குற்றக்கதை எழுதுகிற ஒவ்வொருவரும் தன் குற்றத்தில் ஒரு பழுது வைக்க வேண்டும் என்பது சட்டம். கதைக்குள்ளே அது ஒரு வரியாக இருக்கும், ஆனால் யார் கண்ணிலும் படக் கூடாது. அந்த வழியில் நிஜமாகவே யாராவது கொலை செய்தால், அந்தப் பழுது அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். புத்தகம் வெளிவருவதற்கு முன்னால் நிலையத்துக்கு வந்து, பொறியின் முன்னால் நின்று, பழுது இன்னதென்று வாயால் சொல்லி, குரலைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். வேறு யாரிடமும் மூச்சு விடக் கூடாது. நான் என் மனைவியிடமே சொன்னதில்லை. அவளுக்கு அதில் கடைசிவரை வருத்தம் இருந்தது.

சம்பவ இடத்தில் பழுது இருந்தால், யாரோ புத்தகத்தை அப்படியே பார்த்துச் செய்திருக்கிறார்கள், வாசகர் குற்றவாளி. பழுது இல்லாத சுத்தமான வேலையாக இருந்தால், பழுதை அறிந்தவர் செய்திருக்க வேண்டும், அல்லது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அதை அறிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். அவனுக்கு ஆயுள். பழுது இருந்ததா என்பதை விசாரணையில் எழுதியவரே சொல்ல வேண்டும், அப்புறம்தான் பூட்டைத் திறப்பார்கள். சட்டம் போட்டவர்கள் ரொம்ப யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. கொலையே நடக்காத இடத்தில் பழுது எப்படி இருக்கும்?

"இருக்குன்னா அந்தப் பொண்ணு, இல்லைன்னா நான். ரெண்டும் இல்லைன்னு சொன்னா?"

"அதுக்குப் பொத்தான் இல்லை," என்றார் சேர்மக்கனி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவ புத்தகம் வாசிக்கிற படிப்பியத் திறந்து பார்த்தோம். உங்க புத்தகம் எல்லாம் இருக்கு. இதை மூணு தடவ படிச்சிருக்கா. வீட்டுல ஒரு சின்னப் பிள்ளையத் தவிர வேற ஆளும் இல்லை. வியாழக்கிழமை விசாரணை. நீங்க 'இருக்கு'ன்னு சொன்னா இருக்கும் அண்ணாச்சி. இல்லாட்டாலும் நாங்க இருக்க வச்சிருவோம்."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

எழுதியவருக்குச் சம்பவ இடத்தைப் பார்க்க உரிமை உண்டு. மறுநாள் விடிந்ததும் ஏட்டோடு சங்குகுளித் தெருவுக்குப் போனேன். சின்ன வீடு. குளிரறை ஒரு கட்டில் அகலம். சுவரில் மாதா படம், அதற்குமேல் குளிர்க்குழாய்.

குளிர்க்குழாயிலிருந்து நீர் சொட்டும். எல்லா வீட்டிலும் அதற்கடியில் ஒரு வாளி வைத்திருப்பார்கள். குடிதண்ணீரையே அளந்து ஊற்றும் ஊரில் அதை யாராவது வீணாக்குவார்களா? உச்சிநேரம் முடியும்போது வாளி நிறைந்திருக்கும். இதுதான் என் பழுது. நாவலில் கிழவரின் உடம்பைப் பார்க்கும் இடத்தில் 'குழாயடியில் பச்சை வாளி பாதிக்கு நிறைந்திருந்தது' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். குழாயை இடையில் அடைத்து வைத்தால் வாளி எப்படி முழுதும் நிறையும்? ஒரு வாசகரும் இதைக் கேட்டதில்லை. நான் துப்பறிபவரைக்கூட வேறு வழியில்தான் கண்டுபிடிக்க வைத்திருந்தேன்.

பிலோமினாவின் குளிரறையில் வாளியே இல்லை. குழாயின் முனையில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி, சுவரில் துளை போட்டு வெளியே விட்டிருந்தார்கள். அடுத்த வீட்டுக் கோழிகள் அதில் குடித்துக்கொண்டிருந்தன.

கோழிக்குச் சொந்தக்கார அம்மாள் ஏட்டு தள்ளிப் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார். "கதை எழுதுறவிய நீங்கதானா? அன்னிக்குத் தெருவுக்கே குளிரு வரலய்யா. பாவம், அந்தப் பிள்ளை மாமனாரத் தூக்கி வாசல்ல போடவா, உள்ள போடவான்னு கெடந்து தவிச்சுது. விசிறி விசிறிக் கை வீங்கிப் போச்சு அதுக்கு."

"இதை ஸ்டேஷன்ல வந்து சொல்லுவியளாம்மா?"

அவர் பின்வாங்கினார். "சொன்னா எங்க குழாய அடைச்சிருவானுவ. எனக்கும் உள்ள ஒரு மனுசன் கெடக்காரு."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே யாரும் கிடக்காத நானே பயந்துபோய்த்தான் நின்றேன். ஐம்பத்தெட்டு வயதில் ஆயுள் தண்டனை என்றால் திரும்பி வருவதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. சிறையின் குளிரறைகளைப் பற்றி நான் எழுதியிருக்கிறேன். அதில் மட்டும் நான் ஒன்றையும் கற்பனை செய்யவில்லை.

சாயங்காலம் கோமதிநாயகம் டீக்கடைக்குக் கூட்டிப் போனார். வெயில் இறங்கியபின் திறக்கும் கடை. பெஞ்சு இன்னும் சுட்டது.

"என்ன வே யோசிக்கீரு? இருக்குன்னு சொல்லிரும்," என்றார்.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு பிள்ளை இருக்கு."

"உமக்கு சுகர் இருக்கு."

"நடக்காத கொலை வே!"

"நான் களவாண்டேனா அத்தன தேங்காயையும்? பனை மரத்தடியில் உக்காந்து பால் குடிச்சவனுவ நாம. எவன் நம்புவான்?" அவர் டீயை ஆற்றினார். "உம்ம கதையில வாற ஆளா இருந்தா இப்ப என்ன செய்வான்? அதையே செய்யும்."

என் கதையில் வருகிறவன் என்றால் இந்நேரம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான். என் ஆட்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள். வாசகர்கள் அதற்காகத்தான் என்னைப் படித்தார்கள். 'மனிதர்களைப் பற்றி ஏமாற்றாமல் எழுதுகிறவர்' என்று ஒரு பத்திரிகை எழுதியது. அந்தப் பத்திரிகைத் துண்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன்.

அந்த இரண்டு நாளும் எனக்கு ஒருவேளைச் சோறுகூட உள்ளே இறங்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் குளிரறையில் படுத்து, குழாயிலிருந்து வாளியில் சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கை வீங்க விசிறிய ஒருத்தி என் மனதைவிட்டுப் போகவில்லை. நான் எழுதிய மருமகள் திருகை அடைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருப்பாள். அதுதான் எனக்குத் தெரிந்த மருமகள். இந்தப் பெண்ணை எனக்கு எழுதத் தெரிந்திருக்காது.

தியாகம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். கோபம்தான் வந்தது. ஒரு கிழவர் வெயிலில் செத்தார். அதை எடுத்து, என் கதையை அதன்மேல் போர்த்தி, ஒரு மட்டமான கொலையாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். நான் எழுதியிருந்தால் இவ்வளவு மட்டமாக எழுதியிருக்க மாட்டேன். 'பழுதும் இல்லை, கொலையும் இல்லை, குளிர் நின்றது' என்று பொறியின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது, வருவது வரட்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் பசித்தது. என் வாழ்நாளில் யாருக்காகவும் நான் அப்படி ஒரு முடிவு எடுத்ததில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மாத்திரைகளைப் பையில் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். திரும்பி வரமாட்டோம் என்று வீட்டுக்குழாயை நன்றாக இறுக்கி மூடினேன்.

விசாரணை அறையில் ஒப்பாய்வியின் திரை ஒரு சுவரை அடைத்திருந்தது. அதன் மூலையில் தொண்ணூற்றிரண்டு என்று எண் நின்றது. சேர்மக்கனி, ஏட்டு, சட்ட உதவியிலிருந்து வந்த ஓர் இளம் வக்கீல், பிறகு பிலோமினா. முப்பது வயதிருக்கும். வலதுகை மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். வாசகர் கூட்டத்தில் எழுந்து நிற்பார்களே, அப்படி.

"முதல்ல எங்க கட்சிக்காரர் பேசணும்," என்றார் வக்கீல்.

நான் பேச வாய் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"திருகை நான்தான் அடைத்தேன்," என்றாள். "அடைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளேயிருந்து அவர் இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிடவில்லை. வெயில் யாரையும் கேட்டுக்கொண்டு கொல்வதில்லை."

என் வாக்கியம். இருபத்தோராம் அத்தியாயத்தின் கடைசி வரி.

சங்குகுளித் தெருப் பெண் அச்சுத்தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். கண்ணை மேலே நிறுத்தி, மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, காற்புள்ளிக்குக் கொஞ்சம், முற்றுப்புள்ளிக்குக் கொஞ்சம் நிறுத்தி. நகச்சாயம் சொன்னாள். பக்கத்து வீட்டு ரேடியோவில் ஓடிய கிரிக்கெட் சொன்னாள். என் வாழ்நாளில் என்னை இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை. எந்த விமர்சகரும் படித்ததில்லை. மூலையில் எண் தொண்ணூற்றைந்தாயிற்று, பிறகு தொண்ணூற்றேழு. சேர்மக்கனி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழாயடியில் வாளி பாதிக்கு நிறைந்திருந்தது," என்றாள் பிலோமினா. எண் தொண்ணூற்றெட்டு.

"நிறுத்தும்மா!" என்று நான் கத்திவிட்டேன். "உன் வீட்டுக்கு ஏது மாடி? ஏது மாடிப்படி?"

அவள் நின்றாள். வக்கீல் "சார், நீங்க குறுக்க பேசக் கூடாது," என்றார். நான் கேட்கவில்லை.

"எதுக்கும்மா இப்படிச் சொல்லுத? நான் பழுது இல்லைன்னு சொல்லத்தான் வந்தேன். கொலையே இல்லைன்னு சொல்லத்தான் வந்தேன். உன்னை மாட்டிவிட வரல."

அவள் என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நான் தானா ஒத்துக்கிட்டா வாசகர் சலுகையில நாலு வருசம் சார்," என்றாள், இப்போது தன் சொந்தப் பேச்சில். "நீங்க 'இருக்கு'ன்னு சொன்ன பொறவு ஒத்துக்கிட்டா பதினாலு. எம்பிள்ளைக்கு இப்ப அஞ்சு வயசு. நாலு வருசம்னா வந்து அவளுக்குத் தலை பின்னி விடலாம். பதினாலுன்னா அவளே பின்னிக்கிடுவா. யோசிச்சுப் பாத்தேன். முந்திக்கிட்டேன்."

"நான் சொல்லமாட்டேன்னு..."

"எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றாள். "உங்க கதை எல்லாத்தையும் படிச்சிருக்கேன். மாமாவுக்கு உறக்கம் வராட்டா அவருக்கும் வாசிச்சுக் காட்டுவேன். ஒண்ணுலயாவது ஒருத்தன் அடுத்தவனுக்காக உண்மையச் சொல்லி மாட்டிக்கிட்டானா? எல்லாவனும் கடைசியில தன்னத்தான சார் பாத்துக்கிட்டான். எழுதினவரு மட்டும் வேற மாதிரி இருப்பாருன்னு நான் எத வச்சு நம்ப?"

அவமானத்தில் எனக்குக் காது எரிந்தது. முப்பது ஆண்டுகள், நாற்பது புத்தகங்கள். நான் எழுதியதை அவள் நம்பினாள். எழுதியவன் கேட்க ஆசைப்படுவது அதுதானே.

சேர்மக்கனி என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, இப்பக் கேக்குறது முறைக்குத்தான். சம்பவ இடத்துல நீங்க வச்ச பழுது இருந்துதா, இல்லையா?"

"இல்லைன்னு சொன்னா இப்ப என்ன ஆகும்?"

"உங்களுக்கு ஆயுள். இவ சொன்னது பொய் வாக்குமூலம்னு ஆயிரும், சலுகை போயிரும். மாமியாகிட்டப் பொய் சொன்னதுக்கு ஏழு வருசம்." அவர் என் கண்ணைப் பார்த்தார். "பாத்துச் சொல்லுங்க."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் உள்ளே போக வேண்டும், அவள் கூடுதலாக மூன்று வருடம் இருக்க வேண்டும். நேற்று மத்தியானம் அவ்வளவு கர்வத்தோடு எடுத்துவைத்த உண்மை. ஒரு வார்த்தை முன்னால் அவளிடம் போய்ச் சொல்லியிருந்தால்? குற்றம் சாட்டப்பட்டவரை எழுதியவர் பார்க்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் நான் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. தனியாக முடிவெடுத்து, தனியாகச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், என் கதைநாயகர்கள் செய்வது போலவே.

"இருக்கு," என்றேன்.

பூட்டு திறந்தது. பல வருடங்களுக்கு முந்தைய என் குரல் அறைக்குள் கேட்டது. இளமையான, தன்னைத் தானே மெச்சிக்கொள்கிற குரல். "வாளி பாதிதான் நிறைந்திருக்கும். ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள்."

பிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள். "வாளியா சார்?" என்றாள் மெதுவாக. "நான் நகச்சாயம்னுல்லா நெனச்சேன்."

சேர்மக்கனி ஏட்டைத் திரும்பிப் பார்த்தார். "அந்த வீட்டுல வாளி கெடையாது. ஒண்ணு வாங்கிப் பாதித் தண்ணி ஊத்தி வச்சுப் படம் எடுத்துட்டு வாங்க."

"என்ன கலர்ம்மா?" என்றார் ஏட்டு. "தொண்ணூத்தெட்டுலயே நிக்கி பாருங்க. கலர் சொல்லல அது."

எல்லோரும் பிலோமினாவைப் பார்த்தார்கள். அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். துணி சுற்றிய கையால் மேசையைத் தட்டிக்கொண்டே உதட்டுக்குள் அந்தப் பத்தியைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

"அது மட்டும் நெனவு வரல சார்," என்றாள் என்னிடம். தப்பு செய்துவிட்டவளைப் போல முகம் வாடியிருந்தது.

"பச்சை," என்றேன்.

"ஆமா, பச்ச! பச்ச வாளி," என்றாள் பிலோமினா நிம்மதியாக.

எண் நூறுக்குப் போனது. ஏட்டு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, உச்சிநேரத்துக்குக் கடை அடைக்கும் முன்னே வாளி வாங்கப் புறப்பட்டார்.